கார்கசோன் கோட்டை ஊருக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): என் பொண்ணும் மாப்பிள்ளையும் பிரான்ஸ்ல துலூஸ்ல வேலை பாக்குறாங்க, மே மாசம் நானும் வீட்டுக்காரரும் போறோம். பக்கத்துல மலை மேல கார்கசோன்னு பழைய கோட்டை ஊர் இருக்கு, கூட்டிட்டுப் போறேன்னு பொண்ணு சொல்றா. ஆனா மாப்பிள்ளையோட ஆபீஸ் ஃபிரெண்டு ஒருத்தர் "அது ஒரிஜினலே இல்ல, நூத்தம்பது வருஷம் முன்னாடி ஒரு ஆர்கிடெக்ட் புதுசா கட்டினது, அங்க போய் நேரத்த வீணாக்காதீங்க"ன்னு சொல்லிட்டாராம். போகலாமா வேண்டாமா?

பதில்: கண்டிப்பா போங்கம்மா. அந்த ஃபிரெண்டு சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதிய தெரிஞ்சுகிட்டு போனா ஊரு இன்னும் நல்லா இருக்கும்.

அவர் சொல்ற ஆர்கிடெக்ட் பேரு வியோலே-லெ-டுக், பாரிஸ் நோத்ர தாம் சர்ச்ச 19-ம் நூற்றாண்டுல பழுது பாத்தவரும் இவர்தான், 2019-ல தீ புடிச்சு விழுந்துச்சே ஒரு கூர்கோபுரம், அது அவர் வச்சது. கார்கசோன் கோட்டைச் சுவர்ல அவர் வேலை ஆரம்பிச்சது 1853-ல, 1879-ல அவர் இறந்தப்புறமும் மத்தவங்க தொடர்ந்து 20-ம் நூற்றாண்டு வரைக்கும் வேலை நடந்துச்சு. தூரத்துல இருந்து பாத்தா கோபுரம் கோபுரமா கறுப்புக் கூம்புத் தொப்பி தெரியுது பாருங்க, அந்த ஸ்லேட் கல்லுக் கூரைதான் அன்னைக்கே பெரிய சண்டை ஆச்சு, ஏன்னா ஸ்லேட்டு கூர்கூரைங்கறது வடக்கு பிரான்ஸ் பழக்கம், இந்தப் பக்கம் வெயில் ஊரு, இங்க எல்லாரும் போடறது சிவப்பு ஓடு, அதுவும் சரிவு கம்மியா. அப்புறமா சில கோபுரத்துக்கு ஓடு மாத்துனாங்க. மெயின் வாசல்ல இருக்கற தூக்குப் பாலம் கூட அவர் சேத்ததுதான், அந்தக் காலத்துல அங்க அப்படி ஒண்ணு இல்ல.

ஆனா சுவர் அவர் கட்டினது இல்லம்மா. தாத்தா கட்டின வீட்டுக்கு பேரன் கூரை மாத்தினா வீடு தாத்தாவோடது இல்லன்னு ஆயிடுமா? மொத்தம் 52 கோபுரம், ரெண்டு சுத்துச் சுவர், சேத்தா 3 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதி 13-ம் நூற்றாண்டு கல்லு, சில இடத்துல அதுக்கும் ஆயிரம் வருஷம் முன்னாடி ரோமானியர் வச்ச கல்லு.

இத நீங்க நம்பணும்னா ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உள்ள நுழைஞ்ச உடனே கடைத்தெருவுக்குப் போகாம, ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு அகலமான வெளி இருக்கு, லீஸ்னு சொல்வாங்க, அதுல வடக்குப் பக்கமா திரும்பி நடங்க. டிக்கெட் கிடையாது. உள்சுவர்ல குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச சின்ன கோபுரங்க வரும், கிட்ட போய்ப் பாத்தீங்கன்னா கைக்குள்ள அடங்கற மாதிரி சின்னச் சின்ன கல்லு வரிசை, அதுக்கு நடுவுல சிவப்பு செங்கல் பட்டை, மறுபடி கல்லு, மறுபடி செங்கல், இதுதான் ரோமானியர் கட்டினது, 3-ம் 4-ம் நூற்றாண்டு. அதுக்குக் கீழ பாத்தா பெரிய கல்லு இருக்கும், இது எப்படின்னு குழப்பமா இருக்கும், பழசு மேலயும் புதுசு கீழயும் எப்படி வரும்? 13-ம் நூற்றாண்டுல வெளிச்சுவர் கட்டும்போது நடுவுல இருந்த மண்ண வெட்டி தரைய இறக்கிட்டாங்க, அதனால ரோமானியர் அஸ்திவாரம் அந்தரத்துல வெளிய தெரிஞ்சுருச்சு, அதத் தாங்கறதுக்கு அடியில புதுசா கல்லு கட்டினாங்க. இதப் பாத்துட்டு நார்போன் வாசல் பக்கம் வாங்க, அங்க கல்லு ஒவ்வொண்ணும் நடுவுல புடைச்சு முரடா இருக்கும், அது 1280 வாக்குல மூணாம் ஃபிலிப் ராஜா காலத்துது. மேல நிமிர்ந்து பாத்தா கூரை 19-ம் நூற்றாண்டு. ஒரே இடத்துல நின்னு மூணு காலத்தையும் பாக்கலாம், எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு சுலபமா கண்ணாலயே படிக்க முடியற ஊரு அதிகம் இல்ல.

கேள்வி (அதே வாசகி): எனக்கு மூட்டு வலி உண்டு. மலை ஏறணுமா? ஒரு நாள் போதுமா?

பதில்: மலைன்னு பயப்படாதீங்க, ஆத்தங்கரை மேல இருக்கற ஒரு குன்றுதான். துலூஸ்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துரலாம், ஆனா ஸ்டேஷன் கீழ் ஊர்ல இருக்கு, அங்கிருந்து கோட்டைக்கு நடந்தா அரை மணி நேரம் ஆகும். நீங்க டாக்ஸி எடுத்து நேரா கிழக்குப் பக்கம் நார்போன் வாசல்ல இறங்கிடுங்க, அங்க ஏத்தமே இல்லன்னு சொல்லலாம். மேற்குப் பக்கம் ஓட் வாசல்னு ஒண்ணு இருக்கு, பாக்க அதுதான் ரொம்ப அழகு, ஆனா செங்குத்தா ஏறணும், முட்டி வலிக்கு வேண்டாம். உள்ள தெருவெல்லாம் உருண்டைக் கல்லு பாவினது, மழை பேஞ்சா வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கோங்க, செருப்பு வேண்டாம். கோட்டைச் சுவர் மேல நடக்கறதுக்கும் உள்ள இருக்கற பிரபு மாளிகைக்கும்தான் டிக்கெட், அதுல படி நிறைய, நீங்க வேணும்னா அத விட்டுட்டு சென் நசேர் சர்ச்சுல போய் உக்காருங்க. ஒரு நஷ்டமும் இல்ல, சொல்லப்போனா லாபம்தான். முன்பாதி 12-ம் நூற்றாண்டு, தடிமனான தூணு, இருட்டு, அப்படியே நடந்து கிழக்குக் கோடிக்குப் போனா திடீர்னு சுவரே இல்லாம எல்லாம் கலர் கண்ணாடியா மாறும், அந்தக் கண்ணாடில பல 13-ம் நூற்றாண்டு கடைசி 14-ம் நூற்றாண்டு தொடக்கத்துல வச்சது. காலைல போனீங்கன்னா கிழக்கு வெயில் அது வழியா உள்ள விழும்.

நேரம் பத்திக் கேட்டீங்க. பகல்ல போயிட்டு பகல்லயே திரும்பறவங்கதான் "வெறும் கடைத்தெரு"ன்னு திட்டிட்டு வர்றாங்க, நடு மெயின் தெருல பிளாஸ்டிக் வாளும் மிட்டாய்க் கடையுமா இருக்கறது நிஜம். முடிஞ்சா ஒரு ராத்திரி தங்குங்க, கீழ் ஊர்ல தங்கினாலும் சரி. சாயங்காலம் பஸ்ஸெல்லாம் கிளம்பினப்புறமும் வாசலை மூட மாட்டாங்க, ஊருக்குள்ளயும் லீஸ்லயும் தாராளமா நடக்கலாம்.

கேள்வி (பாரிஸ் வாசகர்): நாங்கள் இலங்கையில இருந்து வந்து இஞ்ச கன காலமா இருக்கிறம். மகன் பள்ளிக்கூடத்தில கத்தார் ஆக்கள் எண்டு படிச்சிட்டு வந்து, கார்கசோன் அவையின்ர கோட்டை, பாக்க வேணும் எண்டு ஒரே கரைச்சல். உண்மையில அங்க என்ன நடந்தது? பிள்ளைக்கு என்ன சொல்லிக் காட்டலாம்?

பதில்: அண்ணா, தம்பி கேக்கறது ரொம்ப நல்ல விஷயம், ஆனா அவனுக்கு முதல்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அங்க இப்ப நிக்கிற ரெட்டைச் சுவர் கத்தார்கள் கட்டினது இல்ல, பெரும்பாலும் அவங்கள அடக்கினவங்க கட்டினது. நிறைய பேர் இத மாத்திப் புரிஞ்சுட்டு வர்றாங்க.

கத்தார்ங்கறவங்க இந்தப் பக்கத்து கிறிஸ்தவங்கதான், ஆனா ரோம் சர்ச்ச ஏத்துக்கல, இந்த உலகத்தைப் படைச்சது நல்ல கடவுள் இல்ல, தீய சக்தின்னு நம்பினவங்க. அவங்க குருமார் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொட மாட்டாங்க, எளிமையா வாழ்ந்தாங்க, அதனால சனங்களுக்கு அவங்க மேல மரியாதை. போப் மூணாம் இன்னோசென்ட் அவங்க மேல சிலுவைப் போர் அறிவிச்சாரு. 1209 ஜூலை 22 படை பெசியே ஊருக்குள்ள புகுந்து கத்தார், கத்தோலிக்கர்னு பாக்காம கொன்னு குவிச்சது. அங்கிருந்து நேரா கார்கசோன். ஆகஸ்ட் 1-ம் தேதி வாக்குல வந்து சுத்தி வளைச்சு முதல்ல ஆத்துக்குப் போற வழிய அடைச்சாங்க. உள்ள அக்கம்பக்கத்து ஊர் சனமெல்லாம் தஞ்சம் புகுந்து நெரிசல், கோடைக்காலம், தண்ணி தீந்து போச்சு. ஊர்த்தலைவர் ரைமோன் ரோஜே த்ரென்கவெல், 24 வயசு, அவர் கத்தார் இல்ல, ஆனா கத்தார்கள விரட்டவும் இல்ல. பேச்சுவார்த்தைக்கு வெளிய போனவரைப் புடிச்சு வச்சுட்டாங்க. ஆகஸ்ட் 15 ஊர் சரணடைஞ்சது. சனங்க உயிர் தப்பிச்சாங்க, ஆனா உடுத்தின துணியத் தவிர ஒண்ணும் எடுக்காம வீட்ட விட்டு வெளியேறணும்னு கண்டிஷன். அந்த இளைஞர் நவம்பர்ல சிறையில செத்துப்போனாரு, சொந்தக் கோட்டையோட சிறையிலயே. ஊரு சிலுவைப் படைக்குத் தலைவரான சிமோன் தெ மோன்ஃபோர் கைக்குப் போச்சு.

உடுத்தின துணியோட ஊர விட்டு வந்த கதைய உங்க வீட்ல யாரும் தம்பிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கிறேன் அண்ணா.

கதை அங்க முடியல. 1226-ல ஊரு பிரெஞ்சு ராஜாவுக்குப் போச்சு. 1240-ல அந்த இளைஞரோட மகன் படையோட வந்து ஊர மீட்கப் பாத்தாரு, முடியல. மதில ஒட்டி வெளிய இருந்த குடியிருப்பு சனங்க அவருக்கு உதவி பண்ணினாங்கன்னு ராஜா ஒன்பதாம் லூயி அந்தக் குடியிருப்பையே தரைமட்டமாக்கிட்டாரு. வெளிச்சுவர் எழும்புனதும் இந்த பிரெஞ்சு ராஜாக்கள் காலத்துலதான், ஒருத்தன் நெருங்கக் கூடாதுன்னு. துரத்தப்பட்ட சனங்க ஆத்துக்கு அக்கரையில குடியேற அனுமதி கிடைச்சது, அதுதான் இன்னைக்கு ஸ்டேஷன் இருக்கற கீழ் ஊரு, தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர் நேரா இருக்கும். அதனால தம்பிய கோட்டைக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, கீழ் ஊர்லயும் நடக்க விடுங்க. அங்கிருந்து பழைய கல்லுப் பாலத்து மேல (வண்டி கிடையாது, நடக்கறவங்களுக்கு மட்டும்) வந்து கோட்டைய நிமிர்ந்து பாக்கச் சொல்லுங்க, துரத்தப்பட்டவங்க தினமும் பாத்த பார்வை அது. கோட்டைக்குள்ள இருக்கற சென் நசேர் சர்ச்சுல ஒரு கோட்டை முற்றுகைய செதுக்கின உடைஞ்ச கல்லு ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்துது, அதையும் தேடிப் பாக்கச் சொல்லுங்க, அவன் வயசுக்கு புடிக்கும். மாளிகைக்கும் மதிலுக்கும் 18 வயசுக்குக் கீழ டிக்கெட் இல்ல.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): ஐரோப்பால எவ்ளோ கோட்டை இடிஞ்சு போயிருக்கு, இது மட்டும் எப்படி சார் தப்பிச்சது?

பதில்: தம்பி, ஒருத்தருக்கும் அது தேவைப்படாம போனதாலதான் தப்பிச்சது. ரொம்ப காலம் அது ஸ்பெயின் பக்கத்து எல்லையக் காத்த கோட்டை, 1355-ல இங்கிலாந்து இளவரசர் கறுப்பு இளவரசர் வந்தப்போ கீழ் ஊர எரிச்சாரு, மேல கோட்டைய தொடாம போயிட்டாரு. 1659-ல பிரான்சும் ஸ்பெயினும் ஒப்பந்தம் போட்டு ரூசியோன் பகுதி பிரான்சுக்கு வந்ததும் எல்லை தெற்கே பிரனீஸ் மலைக்குத் தள்ளிப் போயிருச்சு, இந்தக் கோட்டைக்கு வேலை இல்லாம போச்சு. பணமும் வியாபாரமும் கீழ் ஊர்ல, துணி நெசவுல பெரிய ஊரு அது. மேல ஏழைங்க மட்டும் தங்கினாங்க, நான் சொன்ன அந்த லீஸ் வெளில நெசவாளிங்க மதில ஒட்டி குடிசை கட்டி வாழ்ந்தாங்க. காசு இருந்திருந்தா இடிச்சுட்டு அகலத் தெரு போட்டிருப்பாங்க, காசு இல்ல, அதனால நின்னுச்சு.

ஆனா அப்படியே விட்டிருந்தாலும் போயிருக்கும். கல்லத் தோண்டி வித்துட்டிருந்தாங்க, 1850 வாக்குல அரசாங்கமே இது ராணுவக் கோட்டைப் பட்டியல்ல வேண்டாம்னு எடுத்துருச்சு, அடுத்தது இடிக்கறதுதான். அந்த ஊர்க்காரர் க்ரோ-மைரெவியெய்ங்கறவர், வரலாறு படிச்ச மனுஷர், விடாம எழுதி, ஆளப் பாத்து, பாரிஸ்ல பழைய கட்டடங்களுக்கு இன்ஸ்பெக்டரா இருந்த எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமேயோட ஆதரவும் சேர்ந்து அத நிறுத்தினாங்க. வியோலே-லெ-டுக் வந்தது அதுக்கப்புறம்தான். யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது 1997-ல. பழுது பாத்ததுல ஒரு கணக்கு மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பாது, லீஸ்ல இருந்த அந்த ஏழைங்க வீட்டையெல்லாம் மதில் அழகா தெரியணும்னு கொஞ்சம் கொஞ்சமா அப்புறப்படுத்திட்டாங்க. ரெண்டு நூற்றாண்டு அந்த ஊர்ல மனுஷ வாசம் இருந்ததே அவங்களாலதான், இன்னைக்கு அவங்க இருந்த அடையாளமே அங்க இல்ல. இப்போ கோட்டைக்குள்ள நிரந்தரமா குடியிருக்கறவங்க ரொம்ப ரொம்ப கம்மி.

கேள்வி (சேலம் வாசகி): நாங்க சுத்த சைவம், அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பதில்: அந்த ஊர் ஸ்பெஷல் கசூலேன்னு ஒண்ணு, மண்சட்டில வெள்ளை பீன்ஸ் போட்டு மணிக்கணக்கா அடுப்புல வைக்கறது, பாக்க நம்மளுக்கு ஏத்தது மாதிரி இருக்கும், ஆனா வாத்துக் கறியும் பன்றி சாசேஜும் இல்லாம கிடைக்காது, கறிய எடுத்துட்டு குடுங்கன்னு கேக்காதீங்க, சாறே அதுல வெந்ததுதான். சூடான ஆட்டுப்பால் சீஸ் வச்ச சாலட் அனேகமா எல்லா கடைலயும் இருக்கும், பன்றித் துண்டு வேண்டாம்னு ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடுங்க. மதியச் சாப்பாடு 12-ல இருந்து 2 மணி வரைக்கும்தான், அதுக்கப்புறம் நிறைய இடத்துல அடுப்ப நிறுத்திடுவாங்க. கீழ் ஊர்ல கடைல ரொட்டி, பழம், தயிர் வாங்கிட்டு கால்வாய் ஓரமா உக்காந்து சாப்பிடறது இன்னும் நிம்மதி, ஸ்டேஷனுக்கு எதுத்தாப்லயே ஓடுது, 17-ம் நூற்றாண்டுல வெட்டின மிதி கால்வாய் (ஊர் வழியா போற இந்தப் பகுதி மட்டும் 1810-ல திறந்தது), அதுவும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

கேள்வி (துலூஸ், மென்பொருள் பொறியாளர்): ஜூலை 14 வாணவேடிக்கைக்குப் போகலாம்னு ஃபிரெண்ட்ஸ் கூப்பிடறாங்க, கூட்டம் தாங்குமா?

பதில்: கோட்டையே தீப்புடிச்ச மாதிரி காட்டற வேடிக்கை அது, 1898-ல இருந்து வர்ற பழக்கம், ஒரு தடவ பாக்க வேண்டியதுதான். ஆனா கோட்டைக்கு உள்ள போய் நிக்காதீங்க, உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாது, ஓட் ஆத்தங்கரைல மத்தியானமே இடம் புடிச்சு உக்காந்துரணும். கார்ல போனா திரும்பறதுக்கு விடிஞ்சுரும், ரூம் வேணும்னா குளிர்காலத்துலயே புக் பண்ணிடுங்க. ஊரப் பாக்கறதுக்குன்னா அந்த நாள் வேண்டாம், தனியா செப்டம்பர் கடைசில இன்னொரு தடவ போங்க, வெயிலும் தணிஞ்சிருக்கும், மதில் மேல நின்னு நிதானமா பாக்க இடமும் இருக்கும்.