ஒபாமாகேர் போய்விடுமோ என்ற பயத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் ப்ளேனோவில் வசிக்கிறோம். எனக்கு 52 வயது, ஐ.டி. கம்பெனியில் 19 வருட வேலை. அடுத்த வருடம் அதை விட்டுவிட்டு நண்பரோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்க எண்ணம். மனைவிக்கு 49, எட்டு வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். ஒரு சிறிய பல் மருத்துவமனையில் வாரம் 20 மணி நேரம் கணக்கு எழுதுகிறார், அங்கே இன்சூரன்ஸ் கிடையாது. மகனுக்கு 24, என் பாலிசியில்தான் இருக்கிறான். அம்மாவுக்கு 68, கிரீன் கார்டில் வந்து மூன்று வருடம் ஆகிறது, ஒபாமாகேர் ஏற்படுத்திய இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் தனி பாலிசி எடுத்திருக்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் ஒபாமாகேர் என்ற இந்த இன்சூரன்ஸ் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்கிறார்கள். உண்மையிலேயே எடுத்துவிட்டால் எங்கள் கதி என்ன சார்? கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு இறங்கலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலைத் தொடங்குங்கள். ஆனால் உங்கள் மனைவி இன்சூரன்ஸ் தரும் முழுநேர வேலை ஒன்றில் சேர்ந்து, அந்த கார்டு கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள். ஏன் இந்த வரிசை என்பதைச் சொல்ல 2010-க்கு முன்னால் போக வேண்டும்.

2008-ல் என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கோப்பை இன்னும் வைத்திருக்கிறேன். கணவர் உங்களைப் போலவே வேலையை விட்டவர். குடும்பத்துக்குத் தனி பாலிசி கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பம் பல பக்கம். கடந்த பத்து ஆண்டுகளில் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், என்ன மாத்திரை, எந்த டெஸ்ட், எல்லாம் கேட்டிருந்தது. மனைவியின் பெயருக்கு நேரே நீரிழிவு என்ற கட்டத்தில் ஒரு டிக். மூன்று வாரத்தில் பதில் வந்தது, அரைப் பக்கக் கடிதம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பாலிசி உண்டு, மனைவிக்கு இல்லை. எந்த விலைக்கும் இல்லை. நான்கு மாதத்தில் அவர் தொழிலை மூடிவிட்டு, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். தொழிலில் நஷ்டம் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு டிக்தான் காரணம்.

அந்தக் கடிதத்தைச் செல்லாததாக்கியதுதான் ஒபாமா 2010 மார்ச் 23-ல் கையெழுத்திட்ட சட்டத்தின் மையம். 2014 முதல், ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி மறுக்கவும் கூடாது, விலையை ஏற்றவும் கூடாது. வயதானவரிடம் இளைஞரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. ஆயுள் முழுக்க இவ்வளவுதான் தருவோம் என்று வரம்பு கட்டக் கூடாது. பிரீமியத்துக்கு அரசு தரும் மானியத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். உங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு இந்தச் சட்டம் கொடுத்த பெரிய சொத்து, வேலையை விட்டு வெளியே வரும் தைரியம். ரத்தானால் முதலில் பறிபோவதும் அதுதான்.

சரி, ரத்தாகுமா? 2017 ஜூலை 28 அதிகாலை, செனட்டில் ரத்து மசோதா 49-51 என்று தோற்றது. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி ஆகிய மூன்று குடியரசுக் கட்சியினர் எதிராக வாக்களித்ததால் தோற்றது. 2021-ல் டெக்சாஸ் தலைமையில் மாநிலங்கள் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 7-2 என்று தள்ளியது. ஒரே நாளில் முழுச் சட்டமும் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் செங்கல் செங்கலாக உருவுகிறார்கள், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்காதவருக்கான அபராதத்தை 2017 வரிச் சட்டம் 2019 முதல் பூஜ்யமாக்கியது. 2021-ல் கூட்டி 2022-ல் நீட்டித்த கூடுதல் மானியத்துக்கு 2025 டிசம்பர் வரைதான் ஆயுள் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அது முடிந்ததும் பழைய வருமான வரம்பு திரும்பும்: மூன்று பேர் குடும்பத்துக்கு 2026-ல் 1,06,600 டாலர். வருமானம் அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் அந்த வருட மானியம் முழுதும் போச்சு. சொந்தத் தொழிலில் வருமானம் ஏறி இறங்கும் என்பதால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். வாங்கிய மானியத்தை வரி கட்டும்போது திருப்பிக் கொடுப்பதற்கு இருந்த உச்சவரம்பையும் 2025 சட்டம் நீக்கிவிட்டது. ஆகவே மார்க்கெட்பிளேஸ் போனால் டிசம்பருக்குள் கணக்கைப் பாருங்கள். வருமானம் கோட்டைத் தாண்டும்போல் இருந்தால் ஓய்வூதியக் கணக்கில் போட்டுக் குறைக்க வழி உண்டு.

"நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுப்போம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் வீட்டுச் சீட்டை நினைத்துப் பாருங்கள். பணம் தேவைப்படும் மாதத்தில் மட்டும் வந்து சேரலாம், எடுத்ததும் விலகலாம் என்று விதி வைத்தால் அந்தச் சீட்டு எத்தனை மாதம் ஓடும்? அபராதமும் மானியமும் இல்லாமல் போனால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள், பிரீமியம் ஏறும், ஏறியதால் இன்னும் சிலர் விலகுவார்கள். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2017-ல் இதைத்தான் கணக்குப் போட்டது. மாற்று ஏற்பாடு இல்லாமல் எடுத்தால் பத்து ஆண்டில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் 3.2 கோடி பேர் கூடுவார்கள், தனி பாலிசி பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்றது.

லாபம் பெறுபவர்களும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நோய் நொடி இல்லாத இளைஞருக்கு பாலிசி மலிவாகலாம். இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள தம்பதிக்கு, இந்தச் சட்டத்தோடு வந்த 3.8 சதவீத முதலீட்டு வரியும் 0.9 சதவீத மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) வரியும் மிச்சமாகும். அந்த வரி மிச்சத்தைக் கணக்குப் பார்த்து ரத்தை வரவேற்ற ஒரு வாடிக்கையாளர் என்னிடம் இருந்தார். அவர் மகளுக்குப் புற்றுநோய் வந்த பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சு எழவே இல்லை.

இனி உங்கள் வீடு. மனைவிக்கு நான் முழுநேர வேலை சொல்வதற்குக் காரணம் 1996-ல் வந்த ஹிப்பா சட்டம். கம்பெனி இன்சூரன்ஸில் ஒரு ஊழியரை அவருடைய நோயைப் பார்த்துத் தள்ளக் கூடாது, மற்றவர்களைவிட அதிகம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஒபாமாகேருக்கு 14 வருடம் மூத்தது. ஆகவே குழு பாலிசிக்குள் இருக்கும் வரை அவருக்குக் கூரை உண்டு. ஆனால் பழைய ஹிப்பா விதியில் ஒரு கண்ணி இருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் 63 நாள் இடைவெளி விழுந்துவிட்டால், புதிய கம்பெனியில் சேர்ந்தாலும் பழைய நோய்க்கு 12 மாதம் வரை பணம் தர மறுக்கலாம். இப்போது அந்தக் கண்ணி செயலில் இல்லை, ரத்தானால் திரும்பி வரும். 63 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் இருப்பது இன்னும் நல்லது.

மகனைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 26 வரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம் என்பது இந்தச் சட்டம் தந்தது. அவன் வேலையில் இன்சூரன்ஸ் கிடைத்தால் இப்போதே மாறச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். 65-ஐத் தாண்டி கிரீன் கார்டில் வந்தவர்களுக்கு, ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்த பிறகுதான் மெடிகேரை விலை கொடுத்தாவது வாங்க முடியும். நீங்கள் 19 வருடம் கட்டிய மெடிகேர் வரி அம்மாவின் கணக்கில் சேராது. ஒபாமாகேர் வருவதற்கு முன் இந்த ஐந்து வருடத்தை நம் குடும்பங்கள் விசிட்டர் இன்சூரன்ஸை வைத்துத்தான் ஓட்டின. பி.பி.யும் சர்க்கரையும் இருந்தால் அந்த பாலிசியின் சிறிய எழுத்தே பணத்தை மறுத்துவிடும். மார்க்கெட்பிளேஸ்தான் அந்த ஓட்டையை அடைத்தது. அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அதுவரை இப்போதைய பாலிசியில் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. அதன்பின் மெடிகேருக்கு, 2025 கட்டணப்படி பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவு) மாதம் 518, பார்ட் பி (டாக்டர் செலவு) 185, ஆக 703 டாலர். ஐந்து வருடம் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். தாமதித்தால் அபராதம் பிரீமியத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கையில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டீர்கள். வேலையை விட்டால் கோப்ரா என்ற சட்டத்தின்படி 18 மாதம் பழைய பாலிசியைத் தொடரலாம். இதுவும் ஒபாமாகேரைச் சார்ந்ததல்ல. ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். 2024-ல் கம்பெனி குடும்ப பாலிசியின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர், அதில் ஊழியர் தருவது 6,296. அதாவது இன்று சம்பளத்தில் மாதம் 525 பிடித்தால், கோப்ராவில் 2,170-க்குக் குறையாது. 18 மாதத்துக்குச் சுமார் 39,000. அதோடு ஒரு வருட மருத்துவச் செலவில் உங்கள் பங்கின் உச்சம், 2025-ல் குடும்பத்துக்கு 18,400. கூட்டினால் 57,500 டாலர் சொச்சம். இது தொழிலின் முதலீடு அல்ல, நண்பருக்கு அவசரம் என்றாலும் தொடக் கூடாத பணம். மனைவி வேலையில் சேர்ந்துவிட்டால் 25,000 போதும். எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் இருப்பதையும் இதில் சேர்க்கலாம், கோப்ரா பிரீமியத்தை அதிலிருந்து கட்ட அனுமதி உண்டு. குறுகிய கால பாலிசி மலிவாக இருக்கிறதே என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2008-ல் பார்த்த அதே நோய்க் கேள்விகள் அதில் இன்றும் இருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ரத்தானால் பலமாக அடிபடுபவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் இந்தச் சட்டத்தின்படி, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டை விரிவாக்கின. தனி ஆளாக, 2025 கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலருக்குள் சம்பாதிக்கும் சமையல்காரரும், முதியோரைக் கவனித்துக்கொள்பவரும் அதில்தான் டாக்டரைப் பார்க்கிறார்கள். செலவில் 90 சதவீதம் மத்திய அரசு தருகிறது. அது நின்றால் மாநிலங்கள் தாங்காது. டெக்சாஸ் விரிவாக்கவே இல்லை. நாட்டிலேயே இன்சூரன்ஸ் இல்லாதவர் விகிதம் உங்கள் மாநிலத்தில் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். மனைவி விண்ணப்பிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இன்சூரன்ஸ் சேர்ந்த முதல் நாளிலிருந்தா, 90 நாள் கழித்தா? கணவரையும் மகனையும் சேர்க்க மாதம் எவ்வளவு? பதிலை எழுதி அனுப்புங்கள், ராஜினாமாத் தேதியைச் சேர்ந்து உட்கார்ந்து குறிப்போம்.