வயலும் வளவும்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வைக்கோலையும் செத்துப்போன மரக்கன்றுகளையும் பற்றியவை. அவற்றுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வைக்கோலை எரிக்கவேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு உழுது புதைத்தேன். நெல் மூன்றாம் கிழமையிலேயே மஞ்சளாகிவிட்டது. எரித்தவருடைய வயல் பச்சையாக நிற்கிறது. யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், அக்கராயன்

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை. பிழை வைக்கோலில் இல்லை, அதைப் புதைத்த நாளில் இருக்கிறது. வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு 60 முதல் 80 பங்கு வரை காபன் இருக்கும். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் நைதரசன் தேவை. வைக்கோலில் போதாததை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். புதைத்த கையோடு விதைத்தால் பயிரும் நுண்ணுயிரும் ஒரே நைதரசனுக்குப் போட்டி போடும், முதல் சில கிழமைகளில் தோற்பது பயிர்தான். வயலில் தண்ணீரும் நின்றால் உக்கல் காற்றில்லாமல் நடக்கும். சேற்றை மிதித்தால் குமிழி வரும், வேர் கறுக்கும். அந்தக் குமிழியில் பெரும்பங்கு மீதேன். தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, மண் ஈரமாக மட்டும் இருக்கும்போது வைக்கோலை உழுதுவிட்டால் மீதேன் வெளியேற்றம் வெகுவாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பயிருக்கும் அதுவே நல்லது.

ஆகவே மாசி, பங்குனியில் அறுத்த பெரும்போக வைக்கோலை இயந்திரம் வரிசையாகக் கொட்டிய இடத்திலேயே விடாமல் முள்ளுக்கொம்பால் வயல் முழுதும் பரப்பிவிடுங்கள். மாடும் கறையானும் ஒரு பங்கை முடித்துவிடும். மிச்சத்தைப் புரட்டாதியில் முதல் மழைக்கு ஒரு உழவு போட்டுப் புரட்டுங்கள். விதைப்புக்கு முன் குறைந்தது மூன்று கிழமை இடைவெளி வேண்டும். புழுதி விதைப்புக்காரருக்கு இந்த இடைவெளி கிடைப்பது கடினம். சிறுபோகத்தில் அறுத்த வைக்கோலுக்கும் காலம் போதாது. அந்த இரண்டு நிலையிலும் வைக்கோலை வெளியே எடுத்துக் கூட்டெருவாக்குவதே புத்தி. இப்போதே மஞ்சளாகியிருந்தால் தண்ணீரை மூன்று நாள் வடியவிட்டு, அடுத்த தவணை யூரியாவைக் கொஞ்சம் முன்கூட்டிப் போடுங்கள். மொத்த அளவைக் கூட்டவேண்டாம். இப்போது நுண்ணுயிர் பிடித்துவைத்திருப்பதில் ஒரு பங்கு பின்னால் திரும்பி வரும்.

எரித்தால் என்ன போகிறது? ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ நைதரசனும், 14 முதல் 20 கிலோ வரை பொற்றாசியம் ஒட்சைட்டும் இருக்கும். நைதரசன் அநேகமாக முழுதும் புகையோடு போய்விடும். பொற்றாசியத்தில் பெரும்பகுதி சாம்பலில் நின்றாலும், எரித்த வரிகளில் மட்டும் குவிந்து கிடந்து முதல் பெருமழையில் வாய்க்காலுக்குப் போகும். ஏக்கருக்கு 2 தொன் வைக்கோல் என்றால் அதிலுள்ள பொற்றாசியம் 50 கிலோ எம்.ஓ.பி. (பொற்றாசிய உரம்) மூடை ஒன்றுக்குச் சமம். கடையில் அந்த மூடையின் விலையைக் கேட்டுவிட்டு நெருப்புப் பெட்டியை எடுங்கள்.

கேள்வி: கூட்டெரு மட்டும் போட்டு ஒரு ஏக்கர் நெல் செய்ய முடியுமா? எவ்வளவு வேண்டும்?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: கணக்கைப் பாருங்கள். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் இருக்கிறது. ஓரளவு நல்ல கூட்டெருவில், உலர்ந்த நிறையில், 1 வீதம். அதே 46 கிலோவுக்கு 4,600 கிலோ உலர்ந்த கூட்டெரு வேண்டும். அதுவும் முழுதாக முதல் போகத்தில் கிடைக்காது. கால்வாசி கிடைக்கும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 18 தொன்னுக்கு மேல் வருகிறது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்திய கதை எல்லோருக்கும் தெரியும். இயற்கை உரம் கெட்டது என்பதற்கு அது சான்றல்ல. ஒரே போகத்தில் அவ்வளவு எருவை எவராலும் செய்ய முடியாது என்பதே அதில் தெரிந்தது.

ஏக்கருக்கு 2 தொன் கூட்டெருவும் கையில் உள்ள கிளிசரியாக் குழையும் போட்டு, யூரியாவை ஒரேயடியாக நிறுத்தாமல் போகத்துக்குப் போகம் இலை நிற அட்டையை (நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியாத் தேவையை அறியும் அட்டை) பார்த்துக் குறைப்பதே நடக்கக்கூடிய வழி. அட்டையைப் பற்றி உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கிளிசரியாவை வெறும் வேலிக் கதியாலாக நினைக்கவேண்டாம். ஒரு தொன் பச்சைக் குழையில் 7 முதல் 9 கிலோ நைதரசன் இருக்கிறது. பூப்பதற்கு முன் வெட்டித் தாழ்த்தினால் இரண்டு மூன்று கிழமையில் உக்கிவிடும்.

கூட்டெருக் குவியலுக்கு அளவு: காய்ந்த வைக்கோல் 100 கிலோ, கிளிசரியாக் குழை 125 முதல் 150 கிலோ, பச்சைச் சாணி 50 கிலோ. வைக்கோலை முதல் நாளே நனைத்து வையுங்கள். காய்ந்த வைக்கோலின் மேல் அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்தால் மேல்தோல் மட்டும் நனையும், உள்ளே ஆறு மாதம் போனாலும் வைக்கோல் வைக்கோலாகவே இருக்கும். அகலம் நாலு அடி, உயரம் நாலு அடிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் சூடு பிடிக்காது. மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, சிறிது நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கவேண்டும். சூடு இல்லாமல் காய்ந்து கிடந்தால் தண்ணீர் குறைவு. அழுகல் நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, பிரித்துப் போட்டுக் காய்ந்த வைக்கோல் சேருங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு தயார். மழைக்காலத்தில் மேலே பனையோலை போட்டு மூடாவிட்டால் சத்து வழிந்தோடிவிடும்.

பூத்த பார்த்தீனியக் களையை மட்டும் குவியலில் சேர்க்கவேண்டாம். 1980களின் பிற்பகுதியில் வவுனியாவில் காலூன்றிய செடி அது. குவியலின் ஓரத்தில் சூடு போதாது, விதை பிழைத்துவிடும். பூக்க முன் கையுறை போட்டுப் பிடுங்கியதென்றால் சேர்க்கலாம்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வருடமும் சுற்றாடல் தினத்தில் மரம் நடுகிறோம். அடுத்த வருடம் அதே குழியில் திரும்பவும் நடுகிறோம். ஏன்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உலக சுற்றாடல் தினம் ஜூன் 5. வன்னியில் அது சோளகம் வீசும் காலம். மழை இல்லை, காற்று இலையை உலர்த்துகிறது, செம்மண் அலவாங்குக்கே இளகாது. கொடியும் படமும் ஜூனில் இருக்கட்டும், நடுகையை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளுங்கள். வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக வைத்ததும் இந்தக் கணக்கில்தான். முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு நட்டால் வேருக்கு மூன்று மாத ஈரம் கிடைக்கும். தையில் நடுவது ஜூனில் நடுவதைப் போலவே வீண்.

குழியைப் புரட்டாதியிலேயே, மழைக்கு முன், இரண்டு அடி நீளம், அகலம், ஆழத்தில் வெட்டுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் வேறாக வைத்து, நடும்போது மேல்மண்ணோடு 10 கிலோ கூட்டெரு கலந்து நிரப்புங்கள். பொலித்தீன் பையை உருவி எடுக்காமல் பிளேட்டால் கிழியுங்கள். வேர் பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் அந்தச் சுற்றை மூன்று இடத்தில் வெட்டிவிடவேண்டும். வெட்டாமல் நட்ட மரம் ஐந்தாறு வருடம் நன்றாக வளர்ந்து பிறகு ஒரு காற்றில் சாயும். தண்டும் வேரும் சேரும் இடம் நில மட்டத்திலேயே இருக்கட்டும், அதை மண்ணால் மூடினால் தண்டு அழுகும்.

அடுத்த மாசியிலிருந்து புரட்டாதி வரைதான் உண்மையான சோதனை. தினமும் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். கிழமைக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு ஒரு பெரிய வாளி ஊற்றுங்கள். ஆள் பற்றாத இடத்தில், மெருகு பூசாத 5 லீற்றர் மண்முட்டி ஒன்றைக் கழுத்து வரை கன்றுக்கு ஒரு அடி தள்ளிப் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடலாம். தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு முட்டியின் துளைகளை மெல்ல அடைக்கும். கசிவு குறைந்தால் எடுத்து வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு மீண்டும் புதையுங்கள். வைக்கோல் மூடாக்குப் போடுவதென்றால் தண்டிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள், இல்லையேல் கறையான் வைக்கோலை முடித்துவிட்டுத் தண்டுக்கு ஏறும்.

கட்டாக்காலி மாடுகளுக்குக் கருக்குமட்டைக் கூடு போல மலிவான காவல் வேறில்லை. ஐந்து அடி உயரம் வேண்டும்.

மரத் தெரிவு: மின்கம்பிக்குக் கீழே நெல்லி, தேசி, மாதுளை, செவ்வரத்தை. கம்பி இல்லாத பக்கம் வேம்பு, இலுப்பை, நாவல். சுவரிலிருந்து 15 அடி தள்ளி நடவேண்டும். மருது வாய்க்கால் ஓரத்துக்குத்தான் சரி. மயிற்கொன்றை பார்க்க அழகு, கிளை முறியும், வேர் மேலோடி சீமெந்து நடைபாதையைக் கிளப்பும். தகர வீடென்றால் மேற்குப் பக்கத்து மரத்தை முதலில் நடுங்கள், பின்னேர வெயில்தான் வீட்டைச் சூடாக்குவது.

கேள்வி: வேப்பங்கொட்டைச் சாறு அடித்தும் சோளத்தில் படைப்புழு சாகவில்லை. அளவு பிழையா?
– வாசகர், விசுவமடு

பதில்: அளவு: கோது நீக்கிய பருப்பு 50 கிராம், தண்ணீர் 1 லீற்றர். 16 லீற்றர் தெளிகருவிக்கு 800 கிராம். இடித்து, மூடிய வாளியில் நிழலில் ஒரு இரவு ஊறவைத்து, துணியில் இரண்டு தடவை வடியுங்கள். ஆனி, ஆடியில் பொறுக்கிய கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் வைத்திருந்தால் அந்தப் பெரும்போகத்துக்கு உதவும். பூஞ்சணம் பிடித்ததையும் போன வருடத்ததையும் கழியுங்கள்.

அளவு சரியாக இருந்தும் பலிக்காததற்கு வன்னியில் முதற் காரணம் தண்ணீர். வேம்பின் செயற்பொருளான அசாடிரக்டின், சுண்ணாம்பு கலந்த எங்கள் கிணறுகளின் காரத் தண்ணீரில் விரைவில் சிதையும். மழைத்தண்ணீர் இருந்தால் அதில் ஊறவையுங்கள். கிணற்றுத் தண்ணீரென்றால் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வினாகிரியில் தொடங்கி, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 6 காட்டும் வரை சேருங்கள். ஒட்டுவதற்குச் சவர்க்காரம் போடவேண்டாம், சுண்ணாம்போடும் வினாகிரியோடும் அது திரிந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் போதும். வெயிலிலும் சிதைவதால் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு அடியுங்கள்.

வேம்பு உடனே கொல்வதில்லை. புழுவின் தீனியையும் தோலுரிப்பையும் நிறுத்தும், சிறு புழுவுக்குத்தான் பலிக்கும். 2018 இல் இந்நாட்டுக்கு வந்த படைப்புழு வளர்ந்தபின் குருத்துக்குள் தன் எச்சத்தாலேயே அடைப்புப் போட்டுக்கொண்டு இருக்கும், அதற்குள் சாறு போகாது. இலையில் சுரண்டிய வெள்ளைத் தடம் தெரிந்த கிழமையே குருத்துக்குள் விழும்படி அடித்து, 7 நாளில் திரும்ப அடியுங்கள். பெரிய புழுவைக் கையால் எடுப்பதே வழி.

கேள்வி: சொட்டுநீர்க் குழாய் ஒரு போகத்திலேயே அடைத்துவிட்டது. புதிதாக வாங்கவா?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: முதலில் ஒரு சொட்டியைக் கழற்றி உள்ளே இருக்கும் படிவில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, கழுவி மீட்கலாம். நுரைக்காமல் வழுவழுப்பாக இருந்தால் பாசி அல்லது இரும்புப் படிவு. அதற்கு அமிலம் மட்டும் போதாது, குழாய் முனைகளைத் திறந்து வேகமாகத் தண்ணீர் அடித்து அலசவேண்டும்.

சுண்ணாம்புக்கு: கிணற்றோடு உள்ள தொடுப்பை மூடிவிட்டு, 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பாயில் 2 கிலோ சிற்றிக் அமிலம் கரைத்து, சொட்டியில் புளித்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு ஒரு இரவு குழாயில் நிறுத்துங்கள். காலையில் முனைகளைத் திறந்து, வெள்ளைத் துகள் வருவது நிற்கும்வரை அலசுங்கள். அதிகம் அடைத்தவற்றைக் கழற்றி ஊறப்போடுவது சுலபம். உப்பமிலம் வாங்குவோர் தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்றவேண்டும், ஒருபோதும் மாறிச் செய்யக்கூடாது.

இனி அடைக்காமலிருக்க விடியப்புறம் அல்லது பின்னேரம் தண்ணீர் விடுங்கள். கறுப்புக் குழாய் மத்தியானம் சூடாகும்போதுதான் சுண்ணாம்பு படியும். அங்குலத்துக்கு 120 கண் உள்ள வடிகட்டி போடுங்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை முனைகளைத் திறந்துவிடுங்கள். பொசுபரசு உரமான ரி.எஸ்.பி.யைக் கரைத்துக் குழாய்வழி விடவே கூடாது, சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகும்.

கேள்வி: குசினித் தண்ணீர் விடும் வாழையின் இலை ஓரம் கருகுகிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உடுப்புத் தோய்த்த தண்ணீரும் அதோடு போகிறதா என்று பாருங்கள். சவர்க்காரத்தூளில் சோடியம் அதிகம், அது இலை ஓரத்தைக் கருக்கி மண்ணையும் இறுக்கும். அதை வேலிப் பூவரசுப் பக்கம் திருப்பிவிடுங்கள். குசினித் தண்ணீருக்கு இரண்டு அடி ஆழம், மூன்று அடி அகலக் குழியில் பொச்சுமட்டை நிரப்பி, சுற்றிவர வாழை வையுங்கள். தண்ணீர் மேலே தேங்கி நின்றால் நுளம்பு வரும், மட்டை உக்கிக் குழி அடைத்துவிட்டது என்று அர்த்தம். மட்டையை எடுத்துக் கூட்டெருவில் போட்டுப் புதிது நிரப்புங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: காணி எல்லையில் பனங்கொட்டை நட்டால் யானைக்கு வேலியாகுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஆகும், பதினைந்து வருடத்துக்குப் பிறகு. அதுவரை மின்வேலிக்குப் பதிலாக அதை நினைக்கவேண்டாம். ஆவணி, புரட்டாதியில் விழும் கொட்டையை நிற்கவேண்டிய இடத்திலேயே அரை அடி ஆழத்தில், குழிக்கு இரண்டாக நடுங்கள். முளை முதலில் கீழ்நோக்கிப் போவதால் பிடுங்கி நட்டால் பிழைக்காது. யானைக்கென்றால் மூன்று அடி இடைவெளியில் இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று மாறி வரும்படி. எல்லைக் கல்லிலிருந்து மூன்று அடி உள்ளே தள்ளியே நடுங்கள். வளர்ந்த பனையை அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது, அயலவரோடு வழக்கு வந்தால் மரமும் நிற்கும், வழக்கும் நிற்கும்.