வாசகர் கேள்வி – பதில்: பழைய கடல்நீர்த் தொட்டியில் புதிய மணல்

கேள்வி: 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள என் கடல்நீர் மீன்தொட்டி நான்கு ஆண்டுகளாக நல்ல நிலையில் இருக்கிறது. தொடக்கத்தில் 4 செ.மீ. உயரம் இருந்த அரகோனைட் மணல் (கால்சியம் கார்பனேட்டால் ஆனது), குழாய்வழியே கழிவை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் செய்யும்போதெல்லாம் சிறிது சிறிதாக வெளியேறி, இப்போது 1 செ.மீ. அளவே மிஞ்சியிருக்கிறது. மணலுக்குள் புதைந்து உறங்கும் ராஸ் மீன் ஒன்றும் சில பவளங்களும் உள்ளன. புது மணலை ஒரே நாளில் கொட்டினால் தொட்டியே கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா? எவ்வளவு மணல் வேண்டும்?

பதில்: கழுவிய புது மணல் தானாக எந்தத் தொட்டியையும் கெடுப்பதில்லை. ஆபத்து பழைய மணலில் தங்கியிருக்கும் மீன் கழிவிலும் தீனி மிச்சத்திலும்தான் இருக்கிறது. அவற்றை அப்படியே விட்டு மேலே மூன்று செ.மீ. மணலைப் போர்த்திவிட்டால், அடியில் ஆக்சிஜன் செல்வது தடைபட்டு, அங்கு வாழும் புழுக்களும் நுண்ணுயிர்களும் மடிந்து, எல்லாம் சேர்ந்து அழுகி அமோனியாவாக வெளிவரும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், அமோனியாவில் மீனுக்கு நஞ்சாகும் பகுதி நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிட அதிகம் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே, மணலை வாங்கும் முன்பே, வழக்கமான நீர் மாற்றத்தின்போது வாரம் ஒரு பகுதியாகப் பழைய மணலை சைஃபன் செய்து சுத்தப்படுத்துங்கள். நான்கு ஆண்டுத் தொட்டியில் அமோனியாவைக் கையாளும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பாறைகளில் குடியிருக்கும் என்பதால், இப்படிச் சுத்தம் செய்வதால் அவை அற்றுப்போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் தொட்டியின் தரைப்பரப்பில் 1 செ.மீ. உயர்த்த ஏறத்தாழ 8 கிலோ உலர் மணல் தேவைப்படும், மூன்று செ.மீ.க்கு 24 கிலோ. பாறைகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். இந்த 24 கிலோவும் எட்டு லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை இடம்பெயர்க்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதற்கேற்ற நீரை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

உலர் மணலில் மாவு போன்ற நுண்துகள் நிறைய இருக்கும். அதை வாளியில் சிறிது சிறிதாகப் போட்டு, கலங்கிய நீர் தெளியும்வரை அலசி, கடைசி அலசலை ஆர்.ஓ. நீரில் முடித்து, பிறகு தொட்டியின் உப்பளவும் வெப்பமும் கொண்ட கடல்நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். தொட்டிக்குள் இடும்போது சுழற்சிப் பம்புகளை நிறுத்திவிட்டு, அகலமான பி.வி.சி. குழாயின் ஒரு முனையைத் தரையோடு ஒட்டினாற்போல் பிடித்து, மறுமுனை வழியே ஈர மணலை மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து தூவினால் பவளங்களின் மேல் படிந்து அவற்றின் திசுவை மூச்சுமுட்டச் செய்யும். அப்படிப் படிந்துவிட்டால் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சினால் நீரைப் பீய்ச்சி உடனே அகற்ற வேண்டும். பம்புகள் நின்றிருக்கும் நேரம் முழுவதும் காற்றுக்கல் ஒன்றாவது ஓடட்டும், ஏனெனில் கலங்கல் நீரைவிட ஆக்சிஜன் குறைவே மீனை விரைவில் வாட்டும்.

மூன்று செ.மீ.யை ஒரே நாளில் ஏற்றாமல், ஒவ்வொரு செ.மீ.யாக, பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் மூன்று தவணையாக இடுவதே என் பரிந்துரை. அந்த அளவு மணலைப் புழுக்களும் நாஸ்ஸாரியஸ் நத்தைகளும் எளிதில் துளைத்து மேலே வந்துவிடும். ராஸ் மீன் உறங்கப் புதைந்த பிறகு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பகலில், அது வெளியே நீந்தும்போது செய்யுங்கள். மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் அமோனியாவைச் சோதியுங்கள். சிறிதளவு தென்பட்டாலும் ஒரு பகுதி நீரை மாற்றி, அடுத்த தவணையைத் தள்ளிவையுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னொன்று காரத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் அளவு. புது அரகோனைட் மணல் பி.எச்.சை உயர்த்தும் என்று சொல்லப்படுவது சரியல்ல, ஏனெனில் வழக்கமான கடல்நீரில் அது கரைவதில்லை. மாறாக, நீரில் உள்ள கால்சியமும் கார்பனேட்டும் புதிய மணிகளின் மேல் படிந்து, முதல் சில நாட்களில் காரத்தன்மை சற்று இறங்கக்கூடும். பவளங்கள் இருப்பதால் அந்த வாரம் அதைத் தினமும் அளந்து, குறைவைச் சிறிது சிறிதாக ஈடுசெய்யுங்கள். சில வாரங்களில் மணல்மேல் பழுப்பு நிறப் பாசி படர்ந்தால் கவலை வேண்டாம். புது மணலில் டயாட்டம் எனும் இந்த நுண்பாசி தோன்றுவது இயல்பு, பெரும்பாலும் தானாகவே மறையும்.

கேள்வி: பாக்டீரியாக்களுடன் ஈரமாகப் பையில் அடைத்து விற்கும் ‘லைவ் சாண்ட்’ (உயிர் மணல்) இதற்குக் கட்டாயமா?

பதில்: இல்லை. புதிதாகத் தொடங்கும் தொட்டியில் அதற்கு ஓரளவு பயன் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஓடும் தொட்டியிலோ, பாறைகளிலிருந்தும் பழைய மணலிலிருந்தும் பாக்டீரியாக்கள் தாமே புது மணலுக்குப் பரவிவிடும். விரும்பினால், பழைய மணலில் ஒரு கிண்ணம் எடுத்துவைத்திருந்து, புது மணலின் மேல் தூவுங்கள்.

கேள்வி: கடற்கரை மணலைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். கடற்கரை மணலில் இரும்பு கலந்த கனிமங்களும், எண்ணெய்க் கசிவு, சாக்கடை நீர் போன்றவற்றின் எச்சங்களும் இருக்கக்கூடும். கழுவுவதால் அவை முழுமையாக நீங்கிவிட்டனவா என்று வீட்டில் உறுதிசெய்ய வழியில்லை. மீன்தொட்டிக்கென விற்கப்படும் 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள அரகோனைட் மணலையே வாங்குங்கள். அதைவிட நுண்ணியதாக இருந்தால் பம்பின் வேகத்தில் பறந்து பவளங்கள்மேல் விழும். கூரிய விளிம்புள்ள பெரிய துண்டுகளோ மணலில் புதையும் மீன்களின் உடலைக் கீறிவிடும்.