பாதியில் நிற்கும் ஓவியங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. இருபது வருடமாக வரைகிறேன். என்னோடு சேர்ந்து வரையத் தொடங்கிய நண்பன் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டான். அவன் அறையில் ஒன்பது கான்வாஸ்கள் பாதியில் நிற்கின்றன. அதைப் பார்த்த பிறகு என்னால் தூரிகையைத் தொட முடியவில்லை. சாவு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பெரிதாக ஒன்றைச் செய்ய ஆசைப்படுவதே அபத்தம் இல்லையா? என் வயதுக்காரர்கள் எல்லாம் பெயர் வாங்கிவிட்டார்கள். அவன் ஓவியங்களையாவது நான் முடித்துவைக்கலாமா?

கே.

அன்புள்ள கே,

ஒரு மாதம் வரையாமல் இருந்தது குற்றமே இல்லை. இன்னொரு மாதம்கூட இருங்கள். இருபது வருடத் துணை போயிருக்கிறது.

ஆனால் பெயர் வாங்கியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நண்பரின் சாவைச் சொல்லும் கடிதத்தில் அதற்கு என்ன வேலை? படித்ததும் கோபம் வந்தது. அவர்கள் வாங்கட்டும், உங்களுக்கென்ன? பெயருக்கான ஆசையையும் வேலைக்கான ஆசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, சாவின் மேல் பழி போடுகிறீர்கள்.

சில நாட்களாக கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் நினைவாகவே இருக்கிறேன். 1914இல் போர் தொடங்கியதும் அவருடைய இளைய மகன் பீட்டர் படையில் சேரத் துடித்தான். வயது 18. அப்பாவின் அனுமதி வேண்டும், அப்பாவுக்கோ மனமில்லை. மகனுக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் அம்மாதான். அக்டோபரில் பெல்ஜியத்தில் அவன் இறந்தான்.

அந்த டிசம்பரிலேயே அவனுக்கு ஒரு நினைவுச்சிலை செய்ய நினைத்தார். மகன் கிடக்க, தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா என்று முதல் திட்டம். செய்தார், மாற்றினார், சரியாக வரவில்லை. 1919இல் கைவிட்டார். சில வருடம் கழித்து மறுபடி எடுத்தார். 1932இல், தன் 65ஆம் வயதில், மகன் இருந்த கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். மகன் உயிரோடு இருந்ததும் 18 வருடம், சிலைக்கு ஆனதும் 18 வருடம்.

முடிந்த சிலையில் மகன் இல்லை. தனித்தனியாக மண்டியிட்ட இரண்டு பேர் மட்டும். அவரவர் கைகளால் தங்களையே இறுக்கிக்கொண்டிருக்கும் ஓர் அப்பா, ஓர் அம்மா. அந்த முகங்கள் கணவருடையதும் அவருடையதும்தான். மகனை நீக்கலாம் என்ற முடிவுக்கு வர ஒருத்திக்கு எத்தனை வருடம் வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள். இதற்குப் பெயர்தான் வேட்கை. அவர் வயதுக்காரர்கள் அப்போது என்ன வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது இதில் எங்கே வருகிறது?

என் அக்காவும் வரைவாள். நோய் முற்றிய கடைசி வாரத்தில் தலையணையில் சாய்ந்தபடி மேஜைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவை வரைந்துகொண்டிருந்தாள். “நிழல் தப்பா விழுந்திருக்கு, நாளைக்கு மாத்தணும்” என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த நிலைமையில் என்ன நிழல் என்று கத்திவிட்டேன். அவள் பென்சிலை வைக்காமல், “கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே” என்றாள். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

சரி, அந்த ஒன்பது கான்வாஸ்கள். தொடாதீர்கள். உங்கள் நண்பர் தூரிகையை விட்ட இடத்திலேயே நிற்கட்டும். அக்காவின் கூஜா என் மேஜைக்கு எதிரேதான் மாட்டியிருக்கிறது. அந்த நிழலைத் திருத்தித் தருகிறேன் என்று நல்ல ஓவியர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.