குழந்தையின் காதில் சீழ் வந்ததும் அழுகை நின்றுவிட்டது, எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். எண்ணெயும் வேண்டாம், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

ஒன்றரை வயது, நாலு நாள் சளி, ராத்திரி முழுக்க அழுகை, விடிந்ததும் தலையணையில் மஞ்சள் கறை, அப்புறம் சிரித்து விளையாடுகிறாள் என்கிறீர்கள். நடுக்காதில் தேங்கிய சீழ் செவிப்பறையில் சின்ன ஓட்டை போட்டு வெளியேறியிருக்கும், அழுத்தம் குறைந்ததால்தான் வலி நின்றது. அந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும்.

ஒன்று பாருங்கள்: காது மடலை மெல்ல அசைத்தால் வீறிடுகிறாளா? அப்படியென்றால் வெளிக்காதுப் புண்ணாகவும் இருக்கலாம். அவளே காதை இழுப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தூக்கம் வந்தால்கூட இழுப்பார்கள்.

வலித்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால், ஆஸ்பிரின் கூடாது. வழிவதை மட்டும் துடையுங்கள், குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

சிரிக்கிறாளே என்று விட்டுவிடாமல் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். 2 வயதுக்குள், அதுவும் சீழ் வந்திருந்தால், பொதுவாக ஆன்டிபயாடிக் எழுதுவார்கள்; சரியானது போலத் தெரிந்தாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி மடல் முன்னே தள்ளினாலோ, கழுத்து விறைத்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.