பழைய காரை வீட்டில் அருங்காட்சியகம்: ஓதத்துக்குச் சிமெண்டு மருந்தாகாது

கேள்வி: காரைக்குடிப் பக்கம் நூறாண்டு கடந்த வீடொன்றில் எங்கள் அறக்கட்டளை சிறிய அருங்காட்சியகம் நடத்துகிறது. ஓலைச்சுவடிகளும் தஞ்சாவூர் ஓவியங்களும் சில செப்புத்திருமேனிகளும் உள்ளன. மழைக்காலத்தில் சுவர்கள் ஓதம் (ஈரக்கசிவு) காத்து உப்புப் பூக்கின்றன. சிமெண்டுப் பூச்சு, நீர்புகாப் பெயிண்ட், எல்லா அறைகளுக்கும் ஏசி என்று ஒப்பந்தக்காரர் திட்டம் கொடுத்திருக்கிறார். ஏற்கலாமா?

பதில்: ஏற்க வேண்டாம். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும், சிமெண்டு விடாது. வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள் மேலும் உயர ஏறி, பூசாத பக்கத்தில், அதாவது பெரும்பாலும் ஓவியம் மாட்டியிருக்கும் உட்பக்கத்தில், உப்போடு வெளிப்படும். முதல் ஆண்டு சுவர் அழகாக இருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இரண்டு மழைக்காலம் கழித்துப் பூச்சு பெயரும்போது ஒப்பந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று ரசாயனக் கலவை விற்க வரும் முகவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். செட்டிநாட்டின் பளபளப்பான பழைய பூச்சை ஒருமுறை சுரண்டிவிட்டால், அதே தரத்தில் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

முதலில் மேல்தளத்துக்கு ஏறிப் பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால், அது பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலும் மழைநீர்த் தூம்பின் வாயிலுமே ஒழுகும். அவ்விடங்களைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே சரிசெய்யுங்கள். அடுத்து, சுவரடியில் பின்னாளில் போட்ட சிமெண்டுத் தளத்தை உடைத்தெடுத்து, தூம்புத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வழி செய்யுங்கள். ஓதத்தில் பெரும்பங்கு இதிலேயே குறையும்.

ஏசியைப் பகலில் மட்டும் ஓட்டுவது அறவே ஓட்டாமலிருப்பதைவிடத் தீங்கானது. மாலையில் அதை நிறுத்தியதும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பொருள்களின் மேல் படியும். நாள்தோறும் இப்படி ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தால் ஓவியத்தின் பலகை விரிந்து சுருங்கி, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பூச்சும் தங்கத் தகடும் எழும்பிவிடும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் சுவடியில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே 50 முதல் 60 வரை, ஏற்ற இறக்கமின்றி வைத்திருப்பதே நோக்கமாக இருக்கட்டும்.

செப்புத்திருமேனிகளுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. உங்கள் திருமேனிகளில் எதிலாவது துடைத்தாலும் திரும்பத் திரும்ப வெளிர்பச்சைத் தூள் பூக்கிறதா என்று கவனியுங்கள். பூத்தால், உள்ளே தங்கிய குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது என்று பொருள். இதற்கு 40 விழுக்காட்டுக்கும் குறைந்த ஈரப்பதம் வேண்டும். அதற்காக அறை முழுவதையும் உலர்த்தினால் சுவடிகள் நொறுங்கும். அந்தத் திருமேனியை மட்டும் காற்றுப் புகாத கண்ணாடிப் பேழையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் தனியே வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் அதை எடுத்து உலர்த்தி மீண்டும் இடுங்கள். பேழைக்குள் புதிய ப்ளைவுட் கூடாது. அது வெளியிடும் அமில ஆவி உலோகத்தைக் கெடுக்கும். புளி போட்டுத் தேய்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கி, வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் செப்புத்திருமேனிகளைச் சீர்செய்த மாநிலம் இது. இத்தனைக்குப் பிறகும் அரசு அருங்காட்சியகங்களில் கட்டடம் பொறியாளர் பொறுப்பு, பொருள் காப்பாட்சியர் பொறுப்பு என்று கோப்புகள் தனித்தனியே நகர்கின்றன. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதில்லை. மானியம் ஜனவரியில் வரும், மார்ச் 31-க்குள் செலவிட்டாக வேண்டும் என்பார்கள். சுண்ணாம்போ அவ்வளவு விரைவாகக் காயாது. இந்த அவசரமும், குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற விதியும் சேர்ந்துதான் சிமெண்டை உள்ளே கொண்டுவருகின்றன.

நீங்கள் தனியார் அறக்கட்டளை என்பதால் அவசரப்படத் தேவையில்லை. இந்த மழைக்காலம் முழுவதும் ஒவ்வோர் அறையிலும் ஈரப்பதமானி வைத்துக் காலையும் மாலையும் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபின், சுண்ணாம்பு வேலை செய்த கட்டடங்களைக் காட்டக்கூடியவரிடம் மட்டும் ஒப்பந்தம் செய்யுங்கள். வேலை தொடங்குமுன் பொருள்களைப் பட்டியலிட்டு, படமெடுத்து, உலர்ந்த வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.