இலக்கணம் தெரியும், எழுதினால் தவறுகிறது

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். 2014இல் எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்தேன். இலக்கணப் பயிற்சிகளில் தவறு வராது. ஆனால் மேலாளருக்கு 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட் யெஸ்டர்டே' என்று அனுப்பி, திருத்து வாங்கினேன். புத்தகத்தை முதலிலிருந்து படிக்கட்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு விதி தெரியும். அவசரத்தில் எழுதும்போது தமிழ் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். 'நேற்றே முடித்திருக்கிறேனே' என்று நாம் தாராளமாகச் சொல்வோம். மலாயிலோ வினைச்சொல் காலத்துக்காக மாறுவதே இல்லை, முடிந்துவிட்டது என்று காட்ட 'சுடா' என்ற சொல்லைப் போட்டால் போதும். ஆங்கிலம் இந்த இடத்தில் கறார். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வராது: 'ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே.' எப்போது என்பது முக்கியமில்லை, வேலை முடிந்து கையில் இருக்கிறது என்பதுதான் செய்தி என்றால் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்.' 'டுடே' கொஞ்சம் வழுக்கும். நாள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அதனுடன் 'ஹேவ்' சேரலாம்.

கேள்வி கேட்கும்போதும் கவனம் வேண்டும். 'டிட் யூ ஃபினிஷ்ட்' தவறு. 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, 'ஃபினிஷ்' சும்மா வந்தால் போதும்.

சரி, பழக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது? போன வாரம் புலனத்திலும் மின்னஞ்சலிலும் நீங்களே அனுப்பிய ஆங்கிலச் செய்திகளை எடுங்கள். வினைச்சொல்லையும் நேரம் சொல்லும் சொல்லையும் மட்டும் கோடிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். திருத்திய வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு எதையும் அந்த வாரம் திருத்த வேண்டாம். புத்தகத்தைச் சந்தேகம் வந்தால் மட்டும் புரட்டுங்கள்.

பேசும்போது இந்தக் கணக்கெல்லாம் போடாதீர்கள். 'யெஸ்டர்டே' காதில் விழுந்ததுமே கேட்பவருக்குக் காலம் புரிந்துவிடும். நடுவில் நின்று திருத்தினால்தான் பேச்சு அறுந்துபோகும். எஸ்பிஎம் ஆங்கிலத்தில் 2021 முதல் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனித் தாள்கள் உண்டு. உங்கள் காலத்தில் எழுத்துத் தாள்களே பெரிதாக இருந்ததால், பேச்சிலும் பேனாவைத் தேடுகிறீர்களோ என்னவோ.

அப்புறம், 'கேன் ஆர் நாட்?' பசாரிலும் நண்பர்களிடமும் தாராளமாகச் செல்லும். அது நம் ஊர் ஆங்கிலம், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலாளரிடம் கையெழுத்து கேட்கும்போது மட்டும் 'குட் யூ சைன் திஸ், ப்ளீஸ்?' என்று எழுதுங்கள். 'குட்' (could) இங்கே இறந்தகாலம் இல்லை, பணிவு.

'எ' (a), 'த' (the) இரண்டையும் நீங்கள் கேட்கவில்லை. நல்லது, இப்போதைக்குத் தொடவும் வேண்டாம். 'த' விட்டுப்போனால் அறிக்கை என்றைக்கு முடிந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது.